கப்பல் அதிகாரியும் ஆயிரம் உயிர்களும்

  

கெடா மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் எதை எடுத்துக்கொண்டாலும், அதன் கதையில் ஒரு கப்பல் கட்டாயம் இருக்கும். சுங்கைப் பட்டாணியிலோ, பீடோங்கிலோ, கூலிமிலோ, பாடாங் செராயிலோ உள்ள ஒரு முதியவரைக் கேட்டுப் பாருங்கள். "எங்க தாத்தா நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினாரு, பினாங்குல இறங்கினாரு" என்று சொல்லுவார். ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைத்த கதையைச் சொல்லுவார். கங்காணி வந்து கூட்டிக்கொண்டு போன கதையையும் சொல்லுவார்.

ஆனால் ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தக் கப்பலை நடத்தியவர் யார்? அவர் என்ன படித்திருந்தார்? புயல் அடித்தால், தீப்பிடித்தால், கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நம் முன்னோர் முகம் கூடப் பார்த்திராத அந்த ஒரு மனிதரின் கையில்தானே அத்தனை உயிர்களும் இருந்தன! பயணிக் கப்பல்களில் நடந்த விபத்துகளையும், அதிகாரிகளின் திறமையையும் பயிற்சியையும் பற்றிய இந்த வரலாறு, ஆகையால் நமக்கு அந்நியமான வரலாறு அன்று. நம் வீட்டு வாசலில் தொடங்கும் வரலாறு அது.

தளத்தில் வந்தவர்கள்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் கலங்கள் கடாரத்துக்கு வந்தன. 1025-ஆம் ஆண்டில் முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை இங்கே வந்ததை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நடுக்கடலில் வரும் மாலுமிக்கு ஜெராய் மலைதான் அடையாளம். அதன் உச்சி கண்ணில் பட்டதும் கரை பக்கம் என்று தெரிந்துகொள்வான். அந்தக் காலத்து மாலுமி எழுத்துத் தேர்வு எழுதியவன் அல்லன். தகப்பனிடம் மகன் கற்றான். காற்றையும் நட்சத்திரத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்துப் பார்த்துப் பழகினான்.

பின்னர் நீராவிக் கப்பல் வந்தது. நம் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தது அதில்தான். அவற்றுள் பேர் பெற்றது 'ரஜூலா'. 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட இக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. புதிதாக ஓடத் தொடங்கிய காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. 'டெக் பாசஞ்சர்' என்று நம்ம பெரியவங்க சொல்லுவாங்களே, அவர்கள்தாம். அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு.

ஐயாயிரம் என்றால் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பல தோட்டங்களின் மக்கள் எல்லாரும் ஒரே கப்பலில்! மேலே பாலத்தில் நின்று ஆணையிடும் அதிகாரிகளோ ஒரு கை விரல்களில் எண்ணி முடிக்கக் கூடியவர்கள். அவர்களுடைய மொழி வேறு, இவர்களுடைய மொழி வேறு. கடல் அமைதியாக இருக்கும் வரை இது பெரிய குறையாகத் தெரியாது. கடல் சீறினால்? அதற்கு விடை சொல்லும் கதை ஒன்று, பினாங்கு வழியாகச் சென்ற ஒரு கப்பலிலேயே நடந்திருக்கிறது.

'ஜெட்டா' கப்பலின் கதை

1880-ஆம் ஆண்டு ஜூலை மாதம். 'ஜெட்டா' என்னும் நீராவிக் கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, இந்துமாக்கடலில் மேற்கு நோக்கிச் சென்றது. கப்பலில் இருந்தவர்கள் ஹஜ் யாத்திரை செல்லும் முஸ்லிம் பெருமக்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று ஏறத்தாழ ஆயிரம் பேர். கப்பல் தலைவர் ஜோசப் லூக்காஸ் கிளார்க். முதல் அதிகாரி அகஸ்டின் பாட்மோர் வில்லியம்ஸ், இருபத்தெட்டு வயது இளைஞர்.

தென்மேற்குப் பருவக்காற்றின் கடுமை தாங்காமல் கப்பல் ஆடியது. ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையை நெருங்கும் வேளையில், கொதிகலன்கள் பொருத்திய இடத்தை விட்டுப் பெயர்ந்தன. குழாய்கள் உடைந்து கடல்நீர் உள்ளே வந்தது. பயணிகள் சும்மா இருக்கவில்லை. இரவு பகலாக வாளியால் நீர் இறைத்தார்கள்.

கப்பல் தலைவர் என்ன செய்தார்? படகுகளை ஆயத்தம் செய்தார். தம் மனைவியைப் படகில் ஏற்றினார். அதைப் பார்த்ததும் பயணிகளுக்கு விளங்கிவிட்டது. "இவங்க நம்மள விட்டுட்டுப் போறாங்க!" கூச்சலும் குழப்பமும் எழுந்தன, கையில் கிடைத்ததை எறிந்து தடுக்கப் பார்த்தார்கள். ஆகஸ்ட் 8-ஆம் தேதி விடியுமுன் இருட்டில், தலைவரும் அவர் மனைவியும் முதல் அதிகாரியும் தலைமை எஞ்சினியரும் இன்னும் சிலரும் படகில் ஏறிப் போய்விட்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் நடுக்கடலில் கைவிடப்பட்டன.

படகில் போனவர்களை 'சிந்தியா' என்ற கப்பல் எடுத்து ஏடன் துறையில் சேர்த்தது. "ஜெட்டா மூழ்கிவிட்டது, பயணிகள் எல்லாரும் போய்விட்டார்கள்" என்பதுதான் அவர்கள் கொண்டுவந்த செய்தி. தந்தி உலகமெங்கும் பறந்தது.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். ஆகஸ்ட் 11-ஆம் தேதி, மூழ்கிப் போனதாகச் சொல்லப்பட்ட 'ஜெட்டா' கப்பல், உயிரோடு இருந்த தன் பயணிகளோடு ஏடன் துறைக்கு வந்து சேர்ந்தது! 'ஆன்டினோர்' என்ற வேறொரு கப்பல் அதைக் கண்டு கட்டி இழுத்து வந்திருந்தது. அந்த 'ஆன்டினோர்' கப்பலின் முதல் அதிகாரி கேம்பல், ஆபத்தில் இருந்த கப்பலுக்குள் துணிந்து ஏறினார். பயந்து போயிருந்த மக்களைத் தேற்றினார். அவர்களையே கொண்டு தண்ணீரை இறைக்கச் செய்தார். அவரும் ஒரு முதல் அதிகாரி; வில்லியம்சும் ஒரு முதல் அதிகாரி. கப்பலும் அதே கப்பல். மக்களும் அதே மக்கள். ஒருவர் இறங்கி ஓடினார். ஒருவர் ஏறி வந்தார். ஆயிரம் பேரின் வாழ்வும் சாவும் இந்த வேற்றுமையில் அல்லவா தொங்கிக்கொண்டிருந்தன!

ஏடனில் விசாரணை நடந்தது. பயணிகள் தங்களைக் கொல்லத் துணிந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்ன சாக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. கேப்டன் கிளார்க்கின் சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. கப்பலைக் கைவிடும்படி தூண்டியதற்காக வில்லியம்சின் நடத்தை கண்டிக்கப்பட்டது. சிங்கப்பூரில் வந்து குடியேறிய வில்லியம்ஸ் 1916-இல் காலமானார். ஜோசப் கான்ராட் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் 1900-இல் வெளியிட்ட 'லார்ட் ஜிம்' என்ற ஆங்கில நாவலுக்குக் கரு தந்தது இந்த நிகழ்ச்சிதான். கான்ராட் தாமும் தேர்வு எழுதித் தேறிய கப்பல் தலைவர் என்பது குறிப்பிடத்தக்கது.

சான்றிதழ் இருந்தும்...

இங்கே ஒரு கேள்வி எழும். "அந்தக் காலத்தில் அதிகாரிகளுக்குப் படிப்பு இல்லை போலிருக்கிறது" என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை! 1850-ஆம் ஆண்டிலேயே பிரிட்டனில் சட்டம் வந்துவிட்டது. வெளிநாடு செல்லும் கப்பல்களில் புதிதாகத் தலைவராகவோ துணை அதிகாரியாகவோ சேர விரும்புகிறவர் அரசாங்கத் தேர்வில் தேற வேண்டும். மூன்றாண்டு நிறுத்தி வைக்க கிளார்க்கிடம் ஒரு சான்றிதழ் இருந்தது என்பதிலிருந்தே இது விளங்கும்.

அப்படியானால் குறை எங்கே? தேர்வில் கேட்ட கேள்விகளில்தான் குறை. சூரியனை வைத்துக் கப்பல் இருக்கும் இடத்தைக் கணக்கிடத் தெரியுமா? பாய்மரம் கட்டத் தெரியுமா? எதிரே கப்பல் வந்தால் எந்தப் பக்கம் விலக வேண்டும்? இவற்றையெல்லாம் கேட்டார்கள். "ஆயிரம் பேர் அஞ்சி நடுங்கும்போது அவர்களிடம் எப்படிப் பேசுவாய்?" என்ற பாடம் அந்தத் தேர்வில் இல்லை.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. தோட்டத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பால்மரம் சீவுவது எப்படி என்று புத்தகத்தில் படித்தவன் கையில் கத்தியைக் கொடுத்துப் பாருங்கள். முதல் நாளே பட்டையைத் தாண்டி மரத்தைக் காயப்படுத்திவிடுவான். பட்டையின் கனம் எவ்வளவு என்பதைக் கைதான் அறியும். அந்தக் கை பழக நாளாகும். கப்பல் அதிகாரியின் தொழிலும் அப்படித்தான்.

படகு இருந்தும்...

'ஜெட்டா' கற்றுத் தந்த பாடத்தை உலகம் சீக்கிரம் மறந்துவிட்டது. 1912 ஏப்ரலில் 'டைட்டானிக்' பனிப்பாறையில் மோதி மூழ்கியது. இருந்தவர்கள் ஏறத்தாழ 2,200 பேர். இறந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். படகுகளில் இருந்ததோ 1,178 பேருக்கு மட்டுமே இடம். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாத பகுதி ஒன்று உண்டு. இருந்த இடத்தைக் கூட முழுமையாகப் பயன்படுத்தவில்லை! 65 பேர் ஏறக்கூடிய முதல் படகு 28 பேரோடு இறங்கிற்று. படகில் ஆளை நிரப்பி உயரத்திலிருந்து இறக்கினால் அது தாங்குமா என்று அதிகாரிகளுக்கே ஐயம். அந்தப் பயணத்தில் பயணிகளைக் கூட்டிப் படகுப் பயிற்சி நடத்தியிருக்கவும் இல்லை. அதாவது, படகு குறைவு என்பதால் மட்டும் அல்ல, பழக்கம் குறைவு என்பதாலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள்.

இதன் பிறகு 1914-இல் இலண்டனில் நாடுகள் கூடிக் கடலில் உயிர் காப்பதற்கான உடன்படிக்கை செய்தன. எல்லாருக்கும் படகு வேண்டும், பயிற்சி நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். முதல் உலகப் போர் மூண்டதால் அது நினைத்தபடி நடைமுறைக்கு வரவில்லை. பின்னர் 1929, 1948, 1960, 1974 என்று அது திருத்தித் திருத்தி எழுதப்பட்டது. ஆனால் அவை பெரும்பாலும் கப்பலைப் பற்றிய விதிகள். அதிகாரி என்ன கற்றிருக்க வேண்டும் என்பதில் நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறுபட்டது. ஒரு நாட்டில் கடுமையான தேர்வு, இன்னொரு நாட்டில் பெயருக்கு ஒரு தேர்வு.

1984: நமக்கு நெருங்கிய நெருப்பு

இந்தக் குறையைப் போக்க, 1978 ஜூலையில் இலண்டனில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. கப்பல் பணியாளர்களின் பயிற்சி, சான்றிதழ், காவல் நேரப் பணி ஆகிய மூன்றுக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான அடிப்படை அளவு வகுக்கப்பட்டது இதுவே முதல் முறை. அது நடைமுறைக்கு வந்த நாள் 1984 ஏப்ரல் 28.

அதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்புதான் நம்மவர் பலரை உலுக்கிய விபத்து நடந்தது. 'ரஜூலா'வுக்குப் பின் இந்தப் பக்கம் ஓடிய கப்பல் 'எம்.வி. சிதம்பரம்'. பிரான்சில் 'பாஸ்டர்' என்ற பெயரோடு பிறந்து, 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்த கப்பல் இது. தாய் தகப்பனைப் பார்க்கவும், பெண் கொண்டு வரவும், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும் இதில் போய் வந்த குடும்பங்கள் கெடாவில் எத்தனையோ! 1984 பிப்ரவரி 12 அன்று, சென்னை நோக்கிச் சென்றுகொண்டிருந்த அக்கப்பலில் தீப்பிடித்தது. ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தார்கள். கப்பலும் மறு ஆண்டே உடைக்கப்பட்டது. தமிழ்நாட்டுக்கும் மலேசியாவுக்கும் இடையே நம் மக்கள் நடத்திய நீண்ட கடற்பயணம் அந்த நெருப்போடு ஏறக்குறைய முடிந்துபோயிற்று.

யார் மீதும் பழி சொல்வது இங்கே நோக்கம் அன்று. நடுக்கடலில் தீப்பிடித்தால் கூப்பிட்ட குரலுக்கு வரத் தீயணைப்பு வண்டி கிடையாது. கப்பலில் இருப்பவர்களே தீயணைப்புப் படை. அவர்களுக்குத் தெரிந்திருப்பதே எல்லாருக்கும் காவல். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1990 ஏப்ரல் 7 அன்று, ஐரோப்பாவில் நார்வேக்கும் டென்மார்க்குக்கும் இடையே ஓடிய 'ஸ்கேண்டிநேவியன் ஸ்டார்' கப்பலில் தீப்பற்றி 159 பேர் மாண்டார்கள். பணியாளர்கள் அவசர அவசரமாகச் சேர்க்கப்பட்டவர்கள். கப்பலின் வழிகளே அவர்களுக்குச் சரியாகப் பழகவில்லை. பயணிகளின் மொழி பலருக்குத் தெரியாது. தீப்பயிற்சி ஒன்று கூட நடத்தாமலே கப்பலை ஓட்டினார்கள். 'ஜெட்டா' நடந்து 110 ஆண்டுகள் கழிந்தும் அதே குறை!

"இருந்த இடத்திலேயே இருங்கள்"

மாணவச் செல்வங்களே, இனி வரும் நிகழ்ச்சி உங்கள் வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. 2014 ஏப்ரல் 16 அன்று, தென்கொரியாவில் 'செவோல்' என்ற கப்பல் கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 476 பேரில் 304 பேர் மாண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 250 பேர் பள்ளிச் சுற்றுலா சென்ற உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். கப்பல் சாய்ந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் வந்த அறிவிப்போ, "இருந்த இடத்திலேயே இருங்கள்" என்பது! பிள்ளைகள் சொன்ன சொல் கேட்டார்கள். அறைக்குள்ளேயே இருந்தார்கள். கப்பல் தலைவரோ முதலில் மீட்கப்பட்டவர்களுள் ஒருவராகக் கரை சேர்ந்தார். 2015-இல் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தண்டனை கிடைத்து என்ன பயன்? போன பிள்ளைகள் வருவார்களா?

அதற்கு ஈராண்டு முன்னால், 2012 ஜனவரி 13 அன்று, இத்தாலியில் 'கோஸ்டா கான்கோர்டியா' என்ற உல்லாசக் கப்பல், தீவுக்கு மிக அருகே ஓட்டப்பட்டதால் பாறையில் மோதியது. நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். கப்பலைக் கைவிடும் ஆணை, மோதி ஒரு மணி நேரத்துக்கு மேல் கழிந்த பிறகே வந்தது. 32 பேர் இறந்தார்கள். பயணிகள் இன்னும் கப்பலில் இருக்கையிலேயே வெளியேறிய தலைவருக்குப் பதினாறு ஆண்டுச் சிறை கிடைத்தது. அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்குப் படகுப் பயிற்சியே நடக்கவில்லை. ஏனெனில், 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. கப்பல் புறப்படுமுன்னோ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று 2015 முதல் விதி மாறிற்று.

இந்தத் தலைவர்கள் சான்றிதழ் இல்லாதவர்களா? இல்லை. கப்பல் ஓட்டத் தெரியாதவர்களா? அதுவும் இல்லை. நல்ல நாளில் கப்பல் ஓட்டத் தெரிந்தவர்கள். கெட்ட நாளில் என்ன செய்வது என்பது அவர்கள் உடம்பிலும் மனத்திலும் ஊறியிருக்கவில்லை.

பினாங்குக் கடலில் ஓர் இரவு

இருட்டுக் கதைகளையே சொல்லிக்கொண்டு போவது முறையாகாது. நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றையும் கேளுங்கள். 1999 மே 20 அன்று, சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த 'சன் விஸ்தா' என்ற உல்லாசக் கப்பலின் இயந்திர அறையில் பிற்பகலில் தீப்பிடித்தது. கட்டி 36 ஆண்டுகள் ஆன பழைய கப்பல். தீ அடங்கவில்லை, மின்சாரம் நின்றது. பயணிகளும் பணியாளர்களுமாக ஏறத்தாழ 1,100 பேர் படகுகளிலும் மிதவைகளிலும் இறங்கினார்கள். நள்ளிரவுக்குப் பின் கப்பல் பினாங்குக்குத் தெற்கே கடலில் மூழ்கிற்று. எத்தனை பேர் இறந்தார்கள் தெரியுமா? ஒருவர் கூட இல்லை!

உண்மை நிலையைத் தாமதமாகத்தான் சொன்னார்கள் என்று பயணிகளில் சிலர் பின்னர் குறை கூறினார்கள். அன்று கடலும் அமைதியாக இருந்தது. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கப்பல் மூழ்கும் முன் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள் என்பதே பெரிய சாதனை. கப்பல் போனால் கட்டிக்கொள்ளலாம். மனிதர் போனால் முடியுமா?

பெரட்டும் பயிற்சியும்

தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்குமே, நினைத்துப் பாருங்கள். இருட்டோடு எழுந்து எல்லாரும் பெரட்டுக் களத்தில் நிற்பார்கள். மண்டோர் பேர் கூப்பிடுவார். யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு எந்த நிரை என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கப்பலிலும் ஒரு பெரட்டு உண்டு. ஆபத்து வந்தால் எந்தப் பயணி எந்த இடத்தில் கூட வேண்டும், எந்தப் பணியாளர் எந்தப் படகுக்குப் பொறுப்பு என்று எழுதி வைத்திருப்பார்கள். ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குறுஞ்சங்கொலி, பிறகு ஒரு நெடுஞ்சங்கொலி. இதுதான் கூடுவதற்கான அடையாளம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், என்றாவது பயன்படும்.

கடல்வழிப் பயணிக் கப்பல்களில் வாரந்தோறும் தீப்பயிற்சியும் படகுப் பயிற்சியும் நடத்த வேண்டும் என்பது இன்றைய விதி. 1978-ஆம் ஆண்டு உடன்படிக்கை 1995-இலும் 2010-இலும் பெரிதாகத் திருத்தப்பட்டது. "படித்தேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. செய்து காட்ட வேண்டும் என்று ஆயிற்று. கப்பலின் பாலத்தைப் போலவே அமைத்த அறையில், புயலையும் மோதலையும் திரையில் வரவழைத்துப் பழக்குகிறார்கள். பயணிக் கப்பல் அதிகாரிகளுக்குக் கூட்டத்தை நடத்தும் பயிற்சி தனியாக உண்டு. அஞ்சிய மக்களிடம் எப்படிப் பேசுவது, மொழி தெரியாதவருக்குச் சைகையாலும் செய்து காட்டியும் எப்படி உணர்த்துவது என்பதும் இப்போது பாடம். 'ஜெட்டா' கப்பலில் 1880-இல் இல்லாமற்போன பாடம், நூறு ஆண்டுக்கு மேல் கழித்து ஏட்டில் ஏறியிருக்கிறது. எத்தனை உயிர்களைக் கொடுத்து வாங்கிய பாடம்!

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, பள்ளி விடுமுறையில் கோலா கெடாவிலிருந்து லங்காவிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்கள். படகில் ஏறியதும் நாற்காலி பிடிப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள். உயிர்காப்புச் சட்டை எங்கே இருக்கிறது? பிள்ளைக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா? வெளியே போகும் வழி எது? தெரியாவிட்டால் பணியாளரைக் கேளுங்கள். "கேட்டா என்ன நினைப்பாங்களோ" என்று கூச்சப்பட வேண்டாம். தளத்தில் பாய் விரித்து வந்த நம் முன்னோருக்குக் கேட்க வாய்ப்பில்லை, மொழியும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன. பள்ளியில் தீப்பயிற்சிக்கு மணி அடித்தால் சிரித்துக்கொண்டு நடக்கும் மாணவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். விளையாட்டாகச் செய்தாலும் பழகிய கால் வழியை மறப்பதில்லை.

மாணவ மணிகளே, உங்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. மலாக்காவில் கடல்சார் கல்விக் கழகம் இருக்கிறது. அகாடமி லாவுட் மலேசியா என்பது அதன் பெயர். கப்பல் அதிகாரியாக வேண்டுமானால் கணிதம், அறிவியல், ஆங்கிலம் மூன்றிலும் நல்ல தேர்ச்சி வேண்டும். நிறம் பிரித்தறியும் கண்பார்வை வேண்டும். முறையாகப் பயிற்சி பெறுகிறவர் குறைந்தது ஓராண்டு கடலில் பணிபுரிந்த பின்னரே முதல் சான்றிதழுக்குத் தகுதி பெறுவார். எளிதான படிப்பு அன்று. ஆனால் பால்மரக் காட்டில் விடிவதற்கு முன் எழுந்து உழைத்த வம்சத்துக்கு எளிதல்லாதது புதிதா என்ன?

ஒரு காலத்தில் நம்மைக் கப்பலின் தளத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மேலே பாலத்தில் யார் நிற்கிறார் என்று கேட்கக் கூட முடியாத நிலை. இன்று அந்தப் பாலத்துக்கே ஏறிப் போகும் வழி உங்களுக்குத் திறந்திருக்கிறது. ஏறுங்கள். ஏறும்போது கேம்பல் ஏறிய ஏணியையும், வில்லியம்ஸ் இறங்கிய படகையும் மறவாதீர்கள். மாலுமி என்று மட்டும் அல்ல. மருத்துவர், ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் என்று பிறர் உயிருக்குப் பொறுப்பேற்கும் யாரானாலும், கையில் வாங்கும் சான்றிதழ் தொடக்கமே. ஆபத்து வருவதற்கு முன் நாள்தோறும் செய்து பழகிய பழக்கம்தான் அந்தச் சான்றிதழுக்கு உயிர் கொடுக்கும்.

இன்று பரிசு வாங்கும் ஒவ்வொரு பிள்ளையும் இதை எண்ணிக்கொண்டு மேடை ஏறட்டும்! வாழ்க! வளர்க!